மொரீசியஸ் தீவில் ஒரு நகர உலா: சில வரலாற்றுக் குறிப்புகள்

சாந்த்ராகாச்சி ஏரிக்குக் குளிர்காலத்தில் வெளியூர்ப் பறவைகள் வந்து, வெயில் ஏறியதும் திரும்பிவிடுவதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். நமக்குப் பக்கத்து ஹூக்ளி நதி வழியே கப்பலேறி மொரீசியஸ் போன மனிதர்களில் பெரும்பாலோர் திரும்பவேயில்லை. அவர்கள் இறங்கிய துறையை ஒருமுறை நேரில் பார்க்கவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கடையைப் பிள்ளையிடம் ஒப்படைத்த பிறகுதான் அது நிறைவேறியது.

மொரீசியஸ் எரிமலையால் உண்டான தீவு. சுமார் 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கடலிலிருந்து எழுந்தது என்பது அறிஞர் கருத்து. பக்கத்துத் தீவான ரீயூனியனில் எரிமலை இன்றும் நெருப்பைக் கக்குகிறது, மொரீசியஸில் அடங்கிவிட்டது. அதன் வாய்களில் ஒன்று கியூர்பிப் ஊரில் மரம் அடர்ந்த பள்ளமாகக் கிடக்கிறது. பழைய சுவர், கோட்டை, படித்துறை எல்லாம் அந்த எரிமலைக் கருங்கல்தான்.

தலைநகர் போர்ட் லூயிஸை ஒரு கைடோடு நடந்தே பார்த்தோம். சமண முனிவர்கள் வண்டி ஏறுவதில்லை. நடந்து போனால்தான் ஊர் கண்ணில் படும் என்று எங்க அப்பா சொல்வார். அது சரிதான் என்று அன்றைக்குப் புரிந்தது. துறைமுகத்தை நோக்கி பிரெஞ்சு கவர்னர் லா போர்தொனேயின் சிலை நிற்கிறது. அங்கிருந்து அரசு மாளிகை, 1822-இல் திறந்த நாடகக் கொட்டகை, கடைத்தெரு, 1812-இல் தொடங்கிய குதிரைப் பந்தய மைதானம் என்று சுற்றிக்கொண்டு, கடைசியில் ஆப்ரவாசி காட் வந்து சேர்ந்தோம்.

இங்கே கைடு உருக்கமாகச் சொன்னார். 1834-இல் கல்கத்தாவில் ஒப்பந்தம் எழுதி, 'அட்லஸ்' கப்பலில் 36 பேர் ஏற்றப்பட்டார்கள். நவம்பர் 2-ஆம் தேதி இங்கே இறங்கினார்கள். அவர்கள் சோட்டா நாக்பூர் மலைவாசிகள். பிறகு 1849-இல் இந்தக் குடியேற்றக் கூடம் கட்டப்பட்டது. ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் தீவுக்கு வந்தார்கள். பெரும்பாலோர் கல்கத்தாவிலிருந்தும், சுமார் மூன்றில் ஒரு பங்கினர் சென்னையிலிருந்தும் வந்தவர்கள். 2006-இல் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னம் ஆக்கியது. அந்த 16 படிகளைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

"ஆக, இந்தியர் வந்தது 1834-இல்" என்று அவர் முடித்தபோது நான் நிறுத்தினேன். "தம்பி, இந்தக் கணக்கில் நூறு வருஷம் விட்டுப்போச்சே!" என்றேன்.

1735-இல் பதவியேற்ற லா போர்தொனே, புதுச்சேரியிலிருந்து கொத்தனார், தச்சர் முதலிய கைவினைஞரை வரவழைத்தார். நகரின் கிழக்கே இந்தியர் குடியிருந்த பகுதி 'மலபார் முகாம்' எனப்பட்டது. அந்நாளில் தமிழரையும் 'மலபார்' என்றே ஐரோப்பியர் அழைத்தனர். எல்லோரும் சுதந்திர மனிதர்களாக வந்தார்கள் என்று பெருமை பேசவும் கூடாது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட இந்தியரும் உண்டு. ஆப்ரவாசி காட்டின் பக்கத்திலேயே 1740-ஆம் ஆண்டு ராணுவ மருத்துவமனை நிற்கிறது. 2023 முதல் அது அடிமை முறை பற்றிய அருங்காட்சியகம். இரண்டு வாசலுக்கும் நடுவே நாலடி நடந்தால் ஒரு நூற்றாண்டு நடந்ததாகும். அந்த நாலடியைத்தான் கைடு சொல்லாமல் தாண்டிவிட்டார்.

அவர் பெயர் 'பிள்ளை' என்று முடிகிறது, தமிழ் தெரியாது. கோபப்படாமல் சிரித்து, ஒரு நூறு ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினார். அதில் ரெங்கநாதன் சீனிவாசன் என்ற தமிழ்த் தலைவரின் படம். "ஐயா, உங்கள் எழுத்து எங்கள் நோட்டில் இருக்கிறது" என்றார். 'உங்கள்' என்ற அந்தச் சொல் என்னைச் சுட்டது.

அந்த எழுத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1998-இல் வந்த புதிய நோட்டுகளில் இந்தியை மேலேயும் தமிழைக் கீழேயும் அச்சிட்டார்கள். முன்னால் வந்தவர்கள் நாங்கள் என்று தமிழர் எதிர்ப்புத் தெரிவிக்க, அரசாங்கம் அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றுப் பழைய வரிசையிலேயே மறுபடி அச்சிட்டது. வரிசைக்காக அவ்வளவு போராடிய சமூகத்தின் பிள்ளைக்கு அந்த வரியைப் படிக்கத் தெரியவில்லை. நான் எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினேன். அவர் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

வியாபாரிக்குத் தெரிந்த பாடம் ஒன்றுதான்: அன்றன்றைக்குப் பேரேட்டில் ஏறாத வரவு பிற்பாடு எவ்வளவு வாதாடினாலும் நிற்காது. வங்காளத்துக்கு வந்த நம் பெரியவர்கள் எந்த ஆண்டில், எந்த ஊரிலிருந்து, என்ன தொழிலுக்கு வந்தார்கள் என்பதை ஒவ்வொரு வீட்டாரும் ஒரு பக்கம் எழுதித் தாருங்கள். அடுத்த மலரில் சேர்ப்போம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, கப்பலேறியவர்கள் நினைவாக 2015-இல் சிலை திறந்த கிதிர்பூர் படித்துறைக்கு நடந்து போவோம். வழி சொல்ல நான் வருகிறேன்.