இங்கிலாந்தா, பிரிட்டனா, யு.கே.வா? - ஒரு பெயர்க் குழப்பத்தின் கதை

லண்டனில் வேலை பார்ப்பவரையும் "இங்கிலாந்தில் இருக்கிறார்" என்பார்கள், கிளாஸ்கோவில் படிப்பவரையும் "இங்கிலாந்தில் படிக்கிறார்" என்பார்கள். நம்மூரில் இங்கிலாந்து, பிரிட்டன், யு.கே. மூன்றும் ஒன்றுதான். முதல் ஆள் விஷயத்தில் தப்பே இல்லை. இரண்டாவது ஆள் அதே வார்த்தையைக் கிளாஸ்கோக்காரர் ஒருவரிடம் சொல்லிப் பார்த்தால் அவர் முகம் மாறிவிடும். ஏனென்றால் கிளாஸ்கோ இருப்பது ஸ்காட்லாந்தில்! தெற்கிலிருந்து போகிற எல்லோரையும் டெல்லியில் "மதராஸி" என்று கூப்பிட்டார்களே, கிட்டத்தட்ட அதே எரிச்சல்தான்.

முதலில் எது எது என்று பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

இங்கிலாந்து: ஒரு நாடு. லண்டன், மான்செஸ்டர், பர்மிங்ஹாம் எல்லாம் இதில்.

கிரேட் பிரிட்டன்: ஒரு தீவு. இதில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் என்று மூன்று நாடுகள்.

யு.கே. (ஐக்கிய ராஜ்யம்): இந்த மூன்றோடு வட அயர்லாந்தும் சேர்ந்தது. ஐ.நா. சபையில் உட்காருவது இதுதான்.

அயர்லாந்து: பக்கத்துத் தீவின் பெரும்பகுதி. தனிக் குடியரசு. தலைநகர் டப்ளின். யு.கே.வுக்குச் சம்பந்தமில்லை.

இது போதாதென்று ஐல் ஆஃப் மேன், ஜெர்ஸி, கெர்ன்ஸி என்று சில குட்டித் தீவுகள் வேறு. இவை மன்னருக்குக் கட்டுப்பட்டவை, ஆனால் யு.கே.வில் சேர்த்தி இல்லை. சட்டமன்றமும் வரியும் தனி. பன்னாட்டுக் கம்பெனிகளுக்கு ஏன் ஜெர்ஸி மேல் அத்தனை பாசம் என்பது இப்போது புரியும்.

சரி, இந்தச் சிக்கல் எப்படி வந்தது?

வேல்ஸின் கதை சுருக்கமானது. 1280களில் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் படையெடுத்துப் பிடித்தார். எட்டாம் ஹென்றி காலத்தில், 1536லும் 1542லும் போட்ட சட்டங்கள் வேல்ஸை இங்கிலாந்தோடு அப்படியே கலந்துவிட்டன. அதனால்தான் யு.கே.வின் கொடியில் வேல்ஸுக்கு என்று ஒரு கோடுகூடக் கிடையாது.

ஸ்காட்லாந்தை அப்படி விழுங்க முடியவில்லை. 1603ல் முதலாம் எலிசபெத் வாரிசில்லாமல் இறந்தபோது, உறவுக்காரரான ஸ்காட்லாந்து மன்னர் ஜேம்ஸ் லண்டனுக்கு வந்து முடிசூடினார். ராஜா ஒருவர்தான். ஆனால் நாடு இரண்டு, பாராளுமன்றம் இரண்டு, கஜானா இரண்டு. நூறு வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடியது.

அதை முடித்துவைத்ததில் ஒரு கம்பெனிக்குப் பெரிய பங்கு உண்டு. 1690களில் ஸ்காட்லாந்தில் வெளிநாட்டு வியாபாரத்துக்காக ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். இன்றைய பனாமாவில் டேரியன் என்ற இடத்தில் குடியேறி, இரு பெருங்கடல்களுக்கும் நடுவே சரக்கைக் கைமாற்றிக் காசு பார்ப்பது திட்டம். பங்கு வாங்க பிரபுவிலிருந்து கடைக்காரர் வரை முண்டியடித்தார்கள். சின்ன, ஏழை நாடு 4 லட்சம் பவுண்டு தருவதாகக் கையெழுத்துப் போட்டது. ஊரே சேர்ந்து ஒரே சீட்டுக் கம்பெனியில் பணம் போட்ட மாதிரி!

1698ல் கப்பல்கள் கிளம்பின. போன இடத்தில் காய்ச்சல், பசி, அந்த மண் தங்களுடையது என்ற ஸ்பெயினின் தாக்குதல். பக்கத்திலிருந்த இங்கிலாந்துக் குடியேற்றங்களுக்கோ, உதவி செய்யக்கூடாது என்று உத்தரவு. உத்தரவு போட்டது யார்? இரண்டு நாட்டுக்கும் ராஜாவாக இருந்த மூன்றாம் வில்லியம்! போனவர்களில் பாதிக்கு மேல் செத்தார்கள். 1700ல் எல்லாம் முடிந்தது.

அடுத்த ஏழு வருஷத்தில் இணைப்பு ஒப்பந்தம். இங்கிலாந்தின் கடனில் ஸ்காட்லாந்தும் பங்கேற்க வேண்டும் என்பதற்கு ஈடாக 3,98,085 பவுண்டு 10 ஷில்லிங் தரப்பட்டது. அதில் ஒரு பெரிய பகுதி, டேரியனில் பணம் போட்டவர்களுக்கு வட்டியோடு திருப்பித் தர. இணைப்புக்கு ஓட்டுப் போட்ட உறுப்பினர்கள் சிலரே அந்தக் கம்பெனியின் பங்குதாரர்கள்! எடின்பரோ தெருக்களில் மக்கள் கலவரம் செய்தும் பலனில்லை. 1707 மே 1 அன்று கிரேட் பிரிட்டன் பிறந்தது. அன்றோடு "இங்கிலாந்து ராணி" என்ற பதவியே சட்டப்படி இல்லாமல் போனது. நம் பத்திரிகைகள் மட்டும் 2022ல் இரண்டாம் எலிசபெத் மறையும் வரை அப்படியே எழுதிக்கொண்டிருந்தன.

ஒரு வேடிக்கை. பேங்க் ஆஃப் இங்கிலாந்து உருவாக (1694) யோசனை சொன்ன வில்லியம் பேட்டர்சன் ஸ்காட்லாந்துக்காரர். டேரியன் திட்டத்தின் மூளையும் அவர்தான். பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தைத் (1695) தொடங்கிய ஜான் ஹாலந்தோ இங்கிலாந்துக்காரர். இன்றும் பேங்க் ஆஃப் இங்கிலாந்துதான் மொத்த யு.கே.வுக்கும் மத்திய வங்கி. ஆனால் ஸ்காட்லாந்தில் மூன்று வணிக வங்கிகள் சொந்தமாக நோட்டு அடிக்கின்றன. சட்டமும் நீதிமன்றமும் அங்கே தனி, 1707 ஒப்பந்தமே அதைக் காப்பாற்றிக் கொடுத்தது.

அயர்லாந்தின் கதைதான் ரத்தம் தோய்ந்தது. 1600களின் தொடக்கத்தில் அதன் வடபகுதியான அல்ஸ்டரில் ஸ்காட்லாந்து, இங்கிலாந்திலிருந்து புராட்டஸ்டன்ட் மக்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். கத்தோலிக்கர்களின் நிலம் பறிபோனது. 1798ல் ஒரு புரட்சி நசுக்கப்பட்டது. 1801 ஜனவரி 1ல் அயர்லாந்தும் கிரேட் பிரிட்டனோடு இணைக்கப்பட்டது. 1845ல் உருளைக்கிழங்கு நோயால் தொடங்கிய பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டார்கள், ஏறக்குறைய அதே அளவு பேர் கப்பலேறினார்கள். அந்தக் கோபம் 1916 எழுச்சியிலும், 1919 முதல் 1921 வரை நடந்த போரிலும் வெடித்தது.

முடிவில் தீவு இரண்டானது. 26 மாவட்டங்கள் 1922ல் தனியாகப் போயின. புராட்டஸ்டன்ட்கள் பெரும்பான்மையாக இருந்த வடகிழக்கின் 6 மாவட்டங்கள் மட்டும் யு.கே.விலேயே தங்கின. அதுதான் வட அயர்லாந்து. இதிலும் பெயர் காலை வாரிவிடும். தீவின் வடகோடி முனை இருப்பது டோனிகால் மாவட்டத்தில். அந்த மாவட்டம் வட அயர்லாந்தில் இல்லை, குடியரசில் இருக்கிறது! அயர்லாந்து பிரிந்துபோய் ஐந்து வருஷம் கழித்து, 1927ல்தான் லண்டன் தன் பெயர்ப் பலகையைத் திருத்தியது: "கிரேட் பிரிட்டன் மற்றும் வட அயர்லாந்து ஐக்கிய ராஜ்யம்."

வட அயர்லாந்தில் பெயர் என்பது வெறும் பெயர் இல்லை. அங்கே ஒரே நகரத்தை ஒரு தரப்பு டெர்ரி என்கிறது, இன்னொரு தரப்பு லண்டன்டெர்ரி என்கிறது. எந்தப் பெயரைச் சொல்கிறார் என்பதை வைத்தே ஒருவர் எந்தப் பக்கம் என்று கணக்குப் போட்டுவிடலாம். 1960களின் இறுதியில் தொடங்கி முப்பது வருஷம் நீடித்த மோதலில் 3,500 பேருக்கும் மேல் இறந்தார்கள். 1998 புனித வெள்ளி ஒப்பந்தம் அதற்கு ஒரு அழகான வழி கண்டது. அங்கே பிறந்தவர் தன்னைப் பிரிட்டிஷ் என்று சொல்லலாம், ஐரிஷ் என்று சொல்லலாம், இரண்டும்தான் என்றும் சொல்லலாம்.

விளையாட்டில் இந்தக் குழப்பம் உச்சம். கால்பந்தில் நாலு நாட்டுக்கும் நாலு அணி. ஒலிம்பிக்கில் ஒரே அணி, பெயர் கிரேட் பிரிட்டன். கிரிக்கெட்டிலும் ரக்பியிலும் அயர்லாந்து முழுத் தீவுக்கும் ஒரே அணி. 2011 உலகக் கோப்பையில் பெங்களூரில் இங்கிலாந்தின் 327 ரன்னைத் துரத்திப் பிடித்ததே, கெவின் ஓ'பிரையன் 50 பந்தில் சதம் அடித்தாரே, அந்த அணிதான்! 2019ல் இங்கிலாந்துக்கு உலகக் கோப்பை வாங்கித் தந்த கேப்டன் இயான் மோர்கனோ டப்ளினில் பிறந்தவர்.

முடிச்சு இன்னும் அவிழவில்லை. 2014 வாக்கெடுப்பில் ஸ்காட்லாந்தில் 55 சதவீதம் பேர் சேர்ந்தே இருப்போம் என்றார்கள். 2016ல் ஐரோப்பிய யூனியனை விட்டு விலகுவதா என்று கேட்டபோது, ஸ்காட்லாந்தும் வட அயர்லாந்தும் வேண்டாம் என்றன, இங்கிலாந்தும் வேல்ஸும் வேண்டும் என்றன. ஆள் கணக்கில் இங்கிலாந்து மிகப் பெரியது, அது சொன்னதே நடந்தது. ஸ்காட்லாந்தில் தனிநாட்டுக் கோரிக்கை மறுபடி சூடுபிடிக்க அதுவே காரணமானது.

சென்னைத் தீவுத்திடல் பக்கம் குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் கவர்னர் மன்றோவை "ஆங்கிலேயர்" என்றுதான் பலரும் சொல்வார்கள். அவர் பிறந்த ஊர் கிளாஸ்கோ!