கொய்யா இலையில் தொடங்கிய துரு

இருபதாம் நூற்றாண்டு பிறந்த நேரத்தில் பிரேசிலின் பவுலிஸ்டா ரயில்வே கம்பெனிக்கு விறகுதான் பெரிய கவலை. சாவோ பாவ்லோ மாநிலத்தின் காப்பி மூட்டைகளை இழுத்துச் சென்ற எஞ்சின்கள் விறகில்தான் ஓடின. பாதையோரக் காடுகளைக் காப்பித் தோட்டங்கள் விழுங்கிக்கொண்டிருந்தன. கம்பெனி எட்முண்டோ நவாரோ டி ஆந்த்ராடே என்ற இளம் வேளாண் அறிஞரை வேலைக்கு எடுத்தது. அவர் 1904இல் ஜுண்டியாய் என்ற ஊரில் உள்நாட்டு மரங்களையும் வெளிநாட்டு மரங்களையும் பக்கம் பக்கமாக நட்டுப் பார்த்தார். ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸ் எல்லாவற்றையும் முந்திக்கொண்டு உயர்ந்தது. பிறகு ரியோ கிளாரோவில் பெரிய பண்ணை அமைந்தது. விதை திரட்ட நவாரோ ஆஸ்திரேலியாவுக்கே போய் வந்தார். இன்று உலகின் காகிதக்கூழ் ஆலைகளுக்குத் தீனி போடும் பிரேசிலின் மாபெரும் மரத்தோட்டங்களுக்கு வித்து அங்கேதான் விழுந்தது.

யூகலிப்டஸ் உலகம் சுற்றிய காலம் அது. நீலகிரிக்கு அது 1843 வாக்கிலேயே வந்து சேர்ந்திருந்தது. ஊட்டியில் விறகுத் தட்டுப்பாட்டைத் தீர்க்க நடப்பட்ட மரம், பின்னாளில் நீலகிரித் தைலமாக வீடுதோறும் புகுந்தது. கலிபோர்னியா, தென் ஆப்பிரிக்கா, போர்ச்சுகல் என்று போன இடமெல்லாம் அது செழித்ததற்கு ஒரு முக்கியக் காரணம் உண்டு. பிறந்த மண்ணில் அதைத் தின்ற பூச்சிகளும் நோய்களும் கூடவே கப்பல் ஏறவில்லை.

ஆனால் பிரேசிலில் அதற்கு ஒரு சொந்தம் காத்திருந்தது. கொய்யா, நாவல், கிராம்பு, பாட்டில் பிரஷ், யூகலிப்டஸ் எல்லாமே மிர்ட்டேசியே என்ற ஒரே தாவரக் குடும்பம். இதில் கொய்யா தென் அமெரிக்காவின் பிள்ளை, யூகலிப்டஸ் ஆஸ்திரேலியாவின் பிள்ளை. கண்டங்கள் பிரிந்து கோடிக்கணக்கான ஆண்டுகளாக இருவரும் முகம் பார்த்ததில்லை. கொய்யாவோடு கூடவே வளர்ந்த ஒரு நோயை யூகலிப்டஸ் அறிந்திருக்கவும் இல்லை. 1884இல் கியோர்க் வின்டர் என்ற ஜெர்மானியப் பூஞ்சை ஆய்வாளர், பிரேசிலிலிருந்து வந்த கொய்யா இலையில் படிந்திருந்த மஞ்சள் பொடியை ஆராய்ந்து அந்தப் பூஞ்சைக்கு முதன்முதலாகப் பெயரிட்டார். 1912இல் அதே துரு எலுமிச்சை மணம் வீசும் யூகலிப்டஸ் ஒன்றின் மேல் தென்பட்டதாகப் பதிவு இருக்கிறது. 1944இல் அது ஐயமறப் பதிவானது. வந்தேறிய மரத்தின் மேல் உள்ளூர் நோய் ஏறியாயிற்று.

துருப் பூஞ்சை உயிருள்ள திசுவில் மட்டுமே வாழும். கோதுமைத் துரு, நிலக்கடலைத் துரு, காப்பித் துரு எல்லாம் இந்தக் கூட்டம்தான். மிர்ட்டில் துரு என்று இன்று உலகம் அழைக்கும் இந்தப் பூஞ்சை முற்றிய இலையைச் சீண்டாது. தளிர், குருத்து, மொட்டு, பிஞ்சு இவைதான் அதற்கு வேண்டும். இலை சில மணி நேரம் ஈரமாக, இருட்டில், மிதமான குளிரில் இருந்தால் போதும், மேலே விழுந்த வித்துத் துகள் முளைத்து உள்ளே இறங்கிவிடும். இரண்டு வாரம் போல ஆனதும் முட்டை மஞ்சள் நிறத்தில் கொப்புளங்கள் வெடிக்கும். ஒவ்வொரு கொப்புளத்திலும் கணக்கில்லாத துகள்கள். காற்று, தேனீ, செருப்பு, சட்டை, கூடாரத் துணி என்று எதில் வேண்டுமானாலும் அவை ஏறிப் போகும். தளிர் கருகிய மரம் மறுபடி துளிர்க்கும், அதுவும் கருகும். இப்படியே சேமித்த சத்தெல்லாம் தீர்ந்து சில ஆண்டுகளில் நின்றபடியே செத்துப்போகும்.

இது வெறும் பழத்தோட்ட நோய் அல்ல என்பதற்கு முதல் சாட்சி ஜமைக்கா. கேக்கிலும் இறைச்சியிலும் சேரும் ஆல்ஸ்பைஸ் எனும் சர்வசுகந்தி அந்தத் தீவின் சொந்த மரம், பெரிய ஏற்றுமதிப் பொருள். 1934இல் அந்த மரங்களில் துரு பற்றியது. குளிரும் ஈரமும் மிகுந்த மேட்டுத் தோப்புகள் சில ஆண்டுகளுக்குள் அழிந்தன. அங்கே ஆய்வு செய்தவர்களுக்கு ஒரு விஷயம் விளங்கவில்லை. அருகிலேயே நின்ற கொய்யா மரங்களை அந்தத் துரு தொடவில்லை. பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளுக்குள் பல வகைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் பிடித்த மரம் வேறு என்ற உண்மை அன்றே எட்டிப் பார்த்திருக்கிறது. அதன் முழுப் பொருளும் உலகுக்கு உறைக்க எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

1977இல் துரு புளோரிடாவுக்குள் வந்தது. அங்கே 1997இல் மெலலூக்கா மரங்களைத் தாக்கும் வகை ஒன்றும் தென்பட்டது. ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தையே ஆக்கிரமித்திருந்த மெலலூக்காவை வெட்டி ஒழிக்கப் புளோரிடா பாடுபட்டுக்கொண்டிருந்தது. அதனால் அங்கே துரு களையழிக்க வந்த துணை போலத் தோன்றியது. அதே மரம் தன் சொந்த மண்ணில் சதுப்புக் காடுகளுக்கே உயிர்நாடி. அங்கே இந்தத் துரு போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி புளோரிடாவிலேயே எழுந்திருக்க வேண்டும்.

இதற்கிடையே பிரேசிலின் மரத்தோட்டங்கள் தங்கள் பங்கை அனுபவித்தன. 1970களில் எஸ்பிரிட்டு சாந்து மாநிலத்தின் நாற்றங்கால்களிலும் இளந்தோட்டங்களிலும் யூகலிப்டஸ் கிராண்டிஸ் கன்றுகள் துருவுக்கு இரையாயின. காகிதக்கூழ்த் தொழிலின் முதுகெலும்பே அந்த இனம். தொழில் அசந்துபோய் நிற்கவில்லை. விசோசா பல்கலைக்கழகத்து நோயியல் ஆய்வாளர்களும் கம்பெனிகளும் சேர்ந்து, துரு பிடிக்காமல் நின்ற மரங்களைத் தேடிப் பிடித்தார்கள். அவற்றின் கிளைத் துண்டுகளை வேர்விட வைத்து, ஒரே தாயின் நகல்களாகத் தோட்டம் முழுக்க நட்டார்கள். எதிர்ப்புத் தரும் மரபணு ஒன்றையும் 2003இல் அடையாளம் கண்டார்கள். நோய் ஒழியவில்லை, ஆனால் தொழில் தப்பியது.

இங்கே இலங்கையின் கதை நினைவுக்கு வராமல் போகாது. 1869இல் மடுல்சீமைப் பக்கம் காப்பி இலையில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் தென்பட்டன. இருபது ஆண்டுகளுக்குள் மலைநாட்டின் காப்பித் தொழில் சரிந்தது. தமிழ்நாட்டிலிருந்து நடந்தும் படகேறியும் போன தொழிலாளர்கள் வேலையும் கூலியும் இழந்து தவித்தார்கள். துரைமார்கள் தேயிலைக்கு மாறினார்கள், மலைகள் மறுபடி பசுமையாயின. தோட்டக்காரருக்கு இப்படி ஒரு வழி எப்போதும் இருக்கிறது: பயிரை மாற்றலாம், ரகத்தை மாற்றலாம். பிரேசிலும் செய்தது அதைத்தான். காட்டு மரத்துக்காக ரகம் தேட எந்தக் கம்பெனியும் இல்லை, அது செத்தால் நட்டக் கணக்கு எழுதும் பேரேடும் இல்லை. மிர்ட்டில் துருவின் வரலாற்றில் மிகவும் வேதனையான பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது.

2005 ஏப்ரலில் ஹவாய் ஓவாஹு தீவின் நாற்றங்கால் ஒன்றில் ஓஹியா கன்றில் துரு காணப்பட்டது. எரிமலைக் குழம்பு ஆறிய பாறையிலும் முதலில் வேரூன்றும் சிவப்புப் பூ மரம் ஓஹியா. ஹவாய் மக்களின் வழிபாட்டிலும் நடனத்திலும் அது கலந்தது. சில மாதங்களுக்குள் துரு எல்லாப் பெரிய தீவுகளுக்கும் பரவிவிட்டது. நல்வாய்ப்பாக ஓஹியா பெரும்பாலும் தாக்குப்பிடித்தது. நாவல் பேரினத்தைச் சேர்ந்த ரோஸ் ஆப்பிள் மரங்கள் மலைச்சரிவு மலைச்சரிவாகப் பட்டுப்போயின. நியோய் என்ற அரிய உள்நாட்டுச் செடி அழிவின் விளிம்புக்குத் தள்ளப்பட்டது. பூங்கொத்துகளுக்காகக் கலிபோர்னியாவிலிருந்து வந்த மிர்ட்டில் தழைகளில் துரு பிடிபட்டபோது, இது எந்த வழியாக வந்திருக்கும் என்ற சந்தேகம் வலுத்தது. வீட்டு மேசையில் நாலு நாள் அழகுக்கு வைக்கும் தழை அது.

அடுத்து ஆஸ்திரேலியாதான் என்பது ஆய்வாளர்களுக்குத் தெரிந்தே இருந்தது. அந்நாட்டின் தாவரங்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மிர்ட்டேசியே குடும்பம். 2007இல் ஆஸ்திரேலிய, பிரேசில், தென் ஆப்பிரிக்க அறிஞர்கள் சேர்ந்து வெளியிட்ட கட்டுரை, இந்தப் பூஞ்சை அந்நாட்டின் இயற்கைக்கும் பொருளாதாரத்துக்கும் அச்சுறுத்தல் என்று வெளிப்படையாக எச்சரித்தது.

மூன்றே ஆண்டுகள். 2010 ஏப்ரலில் சிட்னிக்கு வடக்கே, நியூ சவுத் வேல்ஸ் மத்தியக் கடற்கரைப் பகுதியில் வணிகத்துக்காகச் செடி வளர்த்த ஓர் இடத்தில் மஞ்சள் பொடி தென்பட்டது. முதலில் அது மிர்ட்டில் துருவுக்கு நெருங்கிய இன்னொரு இனம் என்று அடையாளம் காணப்பட்டது. ஒழித்துவிட முடியுமா, முடியாதா என்று அதிகாரக் குழுக்கள் முன்னும் பின்னுமாக முடிவெடுத்தன. துருவுக்கு அந்தக் குழப்பம் எதுவும் இல்லை. அந்த டிசம்பரில் இனி ஒழிக்க இயலாது என்று அறிவித்தார்கள், அதே மாதம் அது குயின்ஸ்லாந்திலும் முளைத்தது. 2015க்குள் டாஸ்மேனியாவும் வடக்குப் பிரதேசமும் சேர்ந்துகொண்டன. 2022இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லியிலும் கண்டார்கள்.

யூகலிப்டஸ் தோட்டங்கள் அஞ்சிய அளவுக்கு அடி வாங்கவில்லை. எலுமிச்சை மிர்ட்டில் பயிரிட்டு எண்ணெயும் தேநீர்ப் பொடியும் எடுத்த உழவர்கள் பூஞ்சைக்கொல்லி தெளிக்க வேண்டியதாயிற்று. காட்டில் நடந்ததுதான் கொடுமை. கிழக்குக் கடற்கரை மழைக்காடுகளின் கீழடுக்கில் ரோடாம்னியா ரூபெசென்ஸ் என்ற சிறு மரம் எங்கும் இருந்தது. அரிய மரம் என்று யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. நாட்டுக் கொய்யா என்று ஆஸ்திரேலியர்கள் அழைக்கும் ரோடோமிர்ட்டஸ் சிடியோய்டிஸும் அப்படித்தான். பத்தாண்டுக்குள் இரண்டும் மிக அருகிய இனங்களின் பட்டியலில் ஏறின. பழைய வேரிலிருந்து தளிர் வருகிறது, தளிர் கருகுகிறது, பூவும் காயும் வருவதே இல்லை. தலைமுறை அடுத்த படிக்கு ஏறாமலே நின்றுவிட்டது. ஒரு தலைமுறைக் காலத்துக்குள் பதினாறு மழைக்காட்டு மர இனங்கள் காட்டிலிருந்து மறையக்கூடும் என்று 2021இல் குயின்ஸ்லாந்து ஆய்வாளர்கள் கணித்தார்கள். ஒரே பூஞ்சையால் இத்தனை மர இனங்கள் அழிவை நெருங்குவது சாதாரணச் செய்தியா? உலகம் அதைக் கேட்டுப் பதறியதாகத் தெரியவில்லை. புலிக்கும் யானைக்கும் கிடைக்கும் கண்ணீரில் ஒரு சொட்டு இந்த மரங்களுக்கும் உரியது.

2019-20இல் ஆஸ்திரேலியாவை எரித்த காட்டுத்தீ இன்னொரு கதவைத் திறந்தது. தீக்குப் பிறகு உடனே துளிர்ப்பது அந்நாட்டு மரங்களின் பழைய தற்காப்பு. எரிந்த அடிமரங்களில் குபீரென்று கிளம்பிய தளிர்களைத் துரு மொய்த்தது. எத்தனையோ யுகங்கள் தீயை வென்ற வழிமுறையே எதிரிக்கு விருந்தாயிற்று.

2017இல் நியூசிலாந்தின் முறை வந்தது. முதலில் தொலைதூர ரவுல் தீவு, மே மாதம் கெரிகெரியில் ஒரு நாற்றங்கால். ஆஸ்திரேலியாவிலிருந்து கடல்காற்றோடு துகள்கள் வந்திருக்க வேண்டும் என்பதே பெரும்பாலோர் கருத்து. கோடையில் கடற்கரையெல்லாம் செம்பூ பூக்கும் போஹுடுகாவா மரம் மாவோரி மக்களுக்கு முன்னோரின் சொத்து. ஒழிக்கும் முயற்சி ஓராண்டுக்குள் கைவிடப்பட்டது. ராமராமா என்ற சிறு மரம் வடக்குத் தீவின் கிழக்கு முனையில் கூட்டமாகச் சாகத் தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹோவ் தீவில் மட்டும் ஒரு வெற்றி கிடைத்தது. 2016இல் அங்கே காணப்பட்ட துருவைச் செடி செடியாகத் தேடி ஒழித்து, 2018இல் தீவு நோயற்றது என்று அறிவித்தார்கள். 2023இல் அது மறுபடி வந்தது. அந்தத் தீவில் மட்டுமே வளரும் மரங்களைக் காக்க, காட்டுக்குள் போக மக்களுக்கே தடை போட வேண்டியிருந்தது.

ஜமைக்காவில் எட்டிப் பார்த்த உண்மை இங்கேதான் முழுமையாகத் தெரிந்தது. ஹவாய், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரை உலகம் சுற்றியது ஒரே வகைத் துரு. பிரேசிலின் யூகலிப்டஸைத் தாக்கும் வகை அதுவல்ல. 2013இல் தென் ஆப்பிரிக்காவில் தென்பட்டதோ இந்த இரண்டிலிருந்தும் மாறுபட்டது. அதாவது, யூகலிப்டஸோடு நூறாண்டு பழகிய பிரேசில் வகை யூகலிப்டஸின் தாய்மண்ணுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. 'ஏற்கெனவே வந்துவிட்டதே, இனி எதற்குக் காவல்?' என்று விதைக்கும் கன்றுக்கும் தழைக்கும் துறைமுகச் சோதனையைத் தளர்த்தினால், அதைவிடப் பெரிய பிழை வேறு இருக்க முடியாது.

குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில், துருவின் மரபணுக்களையே முடக்கும் ஆர்என்ஏ கரைசலை இலையில் தெளித்துப் பார்க்கிறார்கள். இலையில் அது வேலை செய்வது நிரூபணமாகியிருக்கிறது. காடு முழுக்கத் தெளிப்பது வேறு விஷயம். விதை சேமிப்பும் எளிதல்ல. நோயில்லாத பழமே கிடைப்பதில்லை, கிடைத்தாலும் பல மழைக்காட்டு மரங்களின் விதைகள் உலரவைத்தால் செத்துவிடும். ஆகவே சிட்னிக்குத் தென்மேற்கே மவுண்ட் அன்னான் தாவரவியல் பூங்கா முதலிய இடங்களில் ரோடாம்னியாவின் கிளைத் துண்டுகளை வேர்விடச் செய்து, பூஞ்சைக்கொல்லி தெளித்து வளர்க்கிறார்கள். வெவ்வேறு காடுகளிலிருந்து வந்த துண்டுகள் அவை. அவற்றுள் துருவைத் தாங்கும் மரம் ஒன்றாவது இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்துவருகிறார்கள். பிரேசிலின் கம்பெனிகள் லாபத்துக்காகச் செய்த அதே வேலையை, யாருக்கும் லாபம் தராத ஒரு மரத்துக்காகச் செய்கிறார்கள்.