முட்டையும் உலையும்: தெர்மோஸ்டாட்டின் முதல் இருநூறு ஆண்டுகள்

தெர்மோஸ்டாட் என்ற பெயருடன் ஒரு கருவிக்கு ஆண்ட்ரூ யூர் என்னும் ஸ்காட்லாந்து வேதியியலாளர் காப்புரிமை பெற்ற ஆண்டு 1830. பெயர் வைத்தவர் அவர். பிள்ளையைப் பெற்றவர் வேறொருவர். வெப்பநிலை தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் உலை, அதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே லண்டனில் எரிந்துகொண்டிருந்தது. ஃபாரன்ஹீட் தம் அளவுமுறையை வெளியிட்டது 1724இல், செல்சியஸ் 1742இல். ஆகவே அந்த உலை எரிந்த நாளில் வெப்பத்தை எண்ணால் சொல்லப் பொதுவான அளவுகோல் கிடையாது. அளக்க முடியாத ஒன்றை அடக்கியது எப்படி?

உலையைச் செய்தவர் கார்னெலிஸ் டிரெபல் (1572–1633). ஹாலந்தின் அல்க்மார் நகரில் பிறந்து, இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸின் ஆதரவில் வாழ்ந்தவர். தேம்ஸ் ஆற்றில் நீருக்கடியில் படகு ஓட்டிக் காட்டியவர். ரசவாதிகளுக்கு நாள் கணக்கில் மாறாத சூடு தேவைப்பட்டது. முட்டைக்கும் அப்படித்தான்: கோழிமுட்டை 21 நாள், ஏறத்தாழ 37.5 செல்சியஸ் பாகையில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே வழியைக் கண்டார் டிரெபல். இதைப் பற்றி அவர் நூல் எதுவும் எழுதவில்லை. அவருடைய மருமகன்களான குஃப்லர் சகோதரர்கள் வழியாகவும், 1663இல் இங்கிலாந்து வந்த பிரெஞ்சுப் பயணி மோன்கோனிஸின் குறிப்பு வழியாகவும், கேம்பிரிட்ஜில் உள்ள ஒரு கையெழுத்துப் படியின் வழியாகவும்தான் செய்தி நமக்கு வந்து சேர்ந்தது.

அமைப்பு இதுதான். அடியில் தணல், மேலே முட்டைப் பெட்டி, பெட்டியைச் சுற்றி நீர்ச்சுவர். புகை அதைச் சுற்றி ஏறி உச்சித் துளை வழியே வெளியேறும். நீர்ச்சுவருக்குள் சாராயம் நிரப்பிய கண்ணாடிக் குடுவை; அதன் வாயில் வளைகுழாயும் பாதரசமும். சூடு ஏறினால் சாராயம் விரிந்து பாதரசத்தைத் தள்ளும். பாதரசத்தின் மேல் நிற்கும் கோல் உயர்ந்து, நெம்புகோல் வழியே புகைத்துளையின் மூடியை இறக்கும். இழுப்புக் குறைந்து தணல் மங்கும். ஆறினால் எல்லாம் தலைகீழ். கோலின் நீளத்தைத் திருகி மாற்றினால் வேண்டிய சூடும் மாறும். அந்தச் சூடு எத்தனை பாகை என்று டிரெபல் அறிய வேண்டிய தேவையே இல்லை. முட்டை பொரிக்கும் நிலையைக் கண்டு திருகை அங்கே நிறுத்தினால் போதும்.

சாராயத்தைத் தேர்ந்ததில்தான் அவருடைய கைத்திறமை தெரிகிறது என்பேன். ஒரு லிட்டர் சாராயம் ஒரு பாகைச் சூட்டுக்கு ஏறத்தாழ 1.1 மில்லிலிட்டர் விரியும். ஒரு சதுர சென்டிமீட்டர் வாயுள்ள குழாயில் அது ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஏறும். மூடியை அசைக்க அது தாராளம். இந்த உலையின் இடத்தை முதலில் தெளிவாக நிறுவியவர் தொழில்நுட்ப வரலாற்றாசிரியர் ஒட்டோ மாயர். பழங்கிரேக்கர்களின் மிதவைக் கருவிகளுக்குப் பிறகு ஐரோப்பாவில் தோன்றிய முதல் பின்னூட்டக் கருவி, அதாவது தன் விளைவைக் கொண்டே தன்னைத் திருத்திக்கொள்ளும் கருவி, இது என்பது அவர் முடிவு. எனக்கும் அதில் மறுப்பில்லை.

பிரான்சில் கதை வேறு பாதையில் போனது. எகிப்தின் பொரிப்பு அடுப்புகளைப் பற்றிக் கேள்விப்பட்டு வியந்த அறிவியலாளர் ரேயோமூர், 1749இல் செயற்கைப் பொரிப்பைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தம் பெயரிலேயே வெப்பமானி அளவுமுறை கொண்டவர் அவர். ஆனாலும் பண்ணை மக்களுக்கு அவர் பரிந்துரைத்தது வெண்ணெயும் மாட்டுக் கொழுப்பும் கலந்த ஒரு சின்னக் குப்பி: கலவை உருகியும் உருகாமலும் கெட்டிப் பாகாக இருந்தால் சூடு சரி. படிப்பறியாதவரும் படிக்கக்கூடிய கருவி. ஆனால் அது காட்டும், திருத்தாது. பக்கத்தில் ஆள் விழித்திருக்க வேண்டும்.

அந்த ஆளை விடுவித்தவர் பாரிஸின் போன்மென். 1777இல் அவர் அமைத்த பொரிப்பகத்தில் சூடான நீர் குழாய்களில் தானாகவே சுற்றிவந்தது. சீராக்கியில் திரவமே இல்லை: ஈயக் குழாய்க்குள் ஓர் இரும்புக் கோல், இரண்டும் அடியில் இணைக்கப்பட்டவை. சூட்டில் ஈயம் இரும்பைவிட இரு மடங்குக்கும் மேல் நீளும். கணக்குப் போட்டால் இதன் சிரமம் விளங்கும். ஒரு மீட்டர் நீளத்தில் 10 பாகை ஏறினால் ஈயம் 0.29 மில்லிமீட்டரும் இரும்பு 0.12 மில்லிமீட்டரும் நீளும். வித்தியாசம் 0.17 மில்லிமீட்டர், ஏறத்தாழ இரண்டு தாளின் தடிமன். இதை நெம்புகோலால் பெருக்கித்தான் அடுப்பின் காற்றுவாயை மூட வேண்டும். அசைவு சிறிதானாலும் உலோகத்தின் தள்ளுவிசை பெரிது; கண்ணாடிபோல் உடையவும் உடையாது. அடைக்கோழி கிடைக்காத பருவத்திலும் பாரிஸ் சந்தைக்குக் கோழி அனுப்பினார் போன்மென்.

யூரின் கருவியும் இரு உலோகங்களின் விரிவு வேறுபாட்டைத்தான் நம்பியது. ஆனால் அவர் நீளும் கோலை விட்டு, ஒட்டி வைத்த பட்டைகள் வளைவதைப் பயன்படுத்தினார். வளைவில் அசைவு பல மடங்கு. இத்தகைய இரட்டைப் பட்டையை ஜான் ஹாரிசன் ஏற்கெனவே தம் கடல் கடிகாரத்தில் வைத்திருந்தார். 1839இல் வெளிவந்த தம் தொழில்நுட்ப அகராதியில் போன்மெனுக்கு யூர் விரிவாக இடம் கொடுத்தார். அது எந்தத் தலைப்பின் கீழ் என்று தேடினால், முட்டை பொரித்தலின் கீழ்.