தகர மனிதனின் நுரையீரல்
வீட்டில் ரோபோ கவசம் செய்பவர்கள் எந்தப் பொருள் நஞ்சு என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அது எந்த வடிவில் உடலுக்குள் போகும் என்பதே முக்கியமான கேள்வி. 1927இல் வெளியான ஜெர்மன் படம் 'மெட்ரோபோலிஸ்' காட்டிய உலோகப் பெண், மரவேலைக்கான 'பிளாஸ்டிக் வுட்' என்ற பசையால் ஆனவள்; உள்ளே நின்று நடித்த பிரிகிட்டே ஹெல்முக்குக் கவசத்தின் விறைப்பு தந்தது காயங்களும் சிராய்ப்புகளும். 1938இல் ஹாலிவுட்டில் நடந்தது வேறு. 'தி விசார்ட் ஆஃப் ஓஸ்' படத்தில் தகர மனிதனாக நடிக்கவிருந்த பட்டி எப்சனின் ஒப்பனையில் அலுமினியப் பொடியைச் சேர்த்தார்கள். மூச்சோடு உள்ளே போன அது அவரை மருத்துவமனையில் படுக்க வைத்தது. அவருக்குப் பதிலாக வந்த ஜாக் ஹேலிக்கு அதே அலுமினியம் பசையாகப் பூசப்பட்டது.

ஹேலிக்கும் கண்ணில் தொற்று வந்ததே என்று மறுக்கலாம். உண்மைதான், பசையும் சாது அல்ல, ஆனால் பறந்து போய் நுரையீரலில் படியவில்லை. ஸ்டுடியோ வேறு, வீடு வேறு என்பாரும் உண்டு. ஜன்னல் சாத்திய அறையில் ஃபோமைத் தேய்த்து ஸ்பிரே பெயின்ட் அடிப்பவருக்கோ அந்தப் பெரிய கூடத்தின் காற்றுகூடக் கிடையாது.