செவிலிமேட்டு விரல்களும் சுப்பாராவின் மாத்திரையும்

காஞ்சிபுரத்தின் தெற்கே, பாலாற்றை ஒட்டி இருக்கிறது செவிலிமேடு. பெயரிலேயே ஒரு செவிலி இருக்கிறாள்! ராமானுஜர் வரதராஜப் பெருமாளுக்குத் தினமும் தண்ணீர் எடுத்துச் சென்றதாகச் சொல்லப்படும் சாலைக்கிணறு இந்தப் பக்கம்தான். காஞ்சிப் பட்டுத் தறியில் வேலையெல்லாம் விரலில் இருக்கிறது. நாடாவைத் தள்ள வேண்டும், அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிபோட வேண்டும், கோர்வைச் சேலை என்றால் உடலும் கரையும் சேரும் இடத்தில் இழைக்கு இழை கவனம் வேண்டும். அப்படிப்பட்ட விரல் ஒருநாள் காலையில் மடங்க மறுத்தால்?

அதற்குக் கிராமத்தில் சரவாங்கி என்று பெயர். மருத்துவர்கள் முடக்குவாதம் என்பார்கள். வெளியிலிருந்து வரும் கிருமியோடு சண்டை போட வேண்டிய உடலின் காவல் படை, தன் மூட்டின் உள்சவ்வையே எதிரி என்று நினைத்துத் தாக்குவதுதான் இந்த நோய். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது. வயதானால் வரும் மூட்டுத் தேய்மானம் வேறு, இது வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் தைலம், வலி மாத்திரை, பெயரில்லாத பொட்டலப் பொடி என்று ஓடும் மாதங்களில்தான் விரல்கள் கோணிப்போகின்றன. பொட்டலத்தில் சில சமயம் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அதனால்தான் இரண்டே நாளில் "அற்புதமாக" வலி போகிறது. பிறகு எலும்பும் சர்க்கரையும் விலை கொடுக்கின்றன.

இந்த நோய்க்கு உலகம் முழுவதும் முதலில் எழுதப்படும் மருந்து மெத்தோட்ரெக்சேட். அதன் கதையில் சென்னை இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895-ல் அன்றைய சென்னை மாகாணத்தின் பீமாவரத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷனை மூன்றாவது முயற்சியில்தான் தாண்டினார். பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தியின் அழைப்பைக் கேட்டு அறுவை சிகிச்சை வகுப்புக்குக் கதர் அங்கியோடு போனார். பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கவில்லை. முடிவில் கிடைத்தது எம்.பி.பி.எஸ். இல்லை, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டம்!

அந்த வீட்டில் நோய் ஏற்கனவே புகுந்திருந்தது. சாப்பிட்டதை உடல் ஏற்காமல் வற்ற வைக்கும் ஸ்ப்ரூ. (இது தன்னுடலைத் தாக்கும் நோய் இல்லை, ஆனால் நாள்பட்டு இழுத்து, காரணம் தெரியாமல் தவிக்க வைப்பதில் ஒன்றுதான்.) எட்டே நாள் இடைவெளியில் இரண்டு சகோதரர்கள் இறந்தார்கள். சுப்பாராவுக்கும் அதே நோய் வந்தது. அவரைப் பிழைக்க வைத்தவர் டாக்டர் ஆசந்த லட்சுமிபதி. இவர் முறையாக ஆங்கில மருத்துவம் படித்துவிட்டு ஆயுர்வேதத்துக்குப் போனவர், இரண்டையும் அறிந்தவர். எழும்பூரில் ருக்மிணி லட்சுமிபதி சாலை என்று இருக்கிறதே, அந்த ருக்மிணி இவர் மனைவிதான். பிழைத்த சுப்பாராவ், லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியிலேயே உடற்கூறு பாடம் நடத்தினார். சகோதரர்களைக் கொன்றது என்ன என்ற கேள்வி மட்டும் அவரை விடவில்லை.

1920-களின் தொடக்கத்தில் மாமனாரும் ஒரு காக்கிநாடா அறக்கட்டளையும் உதவ, பாஸ்டனுக்குக் கப்பல் ஏறினார். பிழைப்புக்கு மருத்துவமனையில் கடைநிலை வேலையும் பார்த்தார். 1940-ல் லெடர்லே மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே அவர் தலைமையில் இருந்த குழு 1945-ல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. ஸ்ப்ரூ நோயாளிகளைத் தேற்றும் வைட்டமின் அது! சகோதரர்களுக்குச் சுமார் கால் நூற்றாண்டு தாமதமாக வந்த பதில்.

அதோடு நிற்கவில்லை. ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றமளித்து, அதன் வேலையைக் கெடுக்கும் பொருள்களையும் அதே குழு செய்தது. அவற்றில் ஒன்றான அமினோப்டெரினைக் கொண்டு சிட்னி ஃபார்பர் 1948-ல் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாக அடக்கிக் காட்டினார். இன்னொன்றுதான் பிற்பாடு மெத்தோட்ரெக்சேட் என்று பெயர் பெற்றது. அதே 1948 ஆகஸ்டில் சுப்பாராவ் நியூயார்க்கில் இறந்தார், வயது 53. ஊரில் விட்டு வந்த மனைவியை அவர் மறுபடி பார்க்கவே இல்லை.

1951-ல் குப்னர் என்ற அமெரிக்க மருத்துவர் அமினோப்டெரின் கொடுத்தபோது மூட்டு வீக்கம் குறைவதைக் கவனித்து எழுதினார். யாரும் காதில் வாங்கவில்லை. காரணம் கார்ட்டிசோன். 1948 செப்டம்பரில் முதல் முடக்குவாத நோயாளிக்குப் போடப்பட்டு, 1950-ல் நோபல் பரிசும் வாங்கிவிட்ட அந்த ஸ்டீராய்டின் வெளிச்சத்தில் மற்றது மறைந்துபோனது. 1980-களில்தான் முறையான சோதனைகள் நடந்தன. 1988-ல் அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கு அனுமதி கிடைத்தது.

இங்கேதான் மருத்துவர் மீதான நம்பிக்கை சோதிக்கப்படுகிறது. மருந்துச் சீட்டைப் பக்கத்து வீட்டுப் பையன் படித்துவிட்டு "இது கேன்சர் மருந்தாச்சே" என்று சொன்னால் எந்தத் தறிக்காரம்மாவுக்கும் கை நடுங்கத்தான் செய்யும். புற்றுநோய்க்குக் கொடுக்கும் அளவில் சிறு பங்குதான் இது என்று உட்கார வைத்துச் சொல்லும் டாக்டர் தேவை. வாரத்துக்கு ஒரே நாள்தான் சாப்பிட வேண்டும், தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து, கல்லீரலுக்கும் ரத்த அணுக்களுக்கும் அவ்வப்போது பரிசோதனை வேண்டும், கர்ப்பத்தில் கூடவே கூடாது என்பதையெல்லாம் சொல்லாமல் சீட்டு மட்டும் கிழித்துக் கொடுப்பவரிடம் மறுமுறை போக யோசிக்கலாம். சுப்பாராவ் படித்த அதே சென்னை மருத்துவக் கல்லூரியில் இந்த நோய்களுக்கென்றே ரூமட்டாலஜி துறை இருக்கிறது. அரசு மருத்துவமனை என்பதால் கட்டணத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. செவிலிமேட்டிலிருந்து பஸ்ஸில் இரண்டு மூன்று மணி நேரம், ஒரு நாள் கூலி போகும்.

மெத்தோட்ரெக்சேட்டோடு வேறொரு நாளில் போட இன்னொரு மாத்திரையும் எழுதித் தருவார்கள், வாய்ப்புண்ணும் குமட்டலும் வராமல் இருக்க. அது ஃபோலிக் அமிலம். இரண்டும் பெரும்பாலும் மஞ்சள் நிறம். மாற்றிப் போட்டுவிடாமல் இருக்க அட்டையின் மேலேயே கிழமையை எழுதி வைப்பது நல்லது.