முன்பணமும் மூட்டைப்பூச்சியும்

வாடகை வீட்டில் குடியிருந்தவர் வீட்டை ஒழித்துக் கொடுக்கும் நாளில், முன்பு கொடுத்து வைத்த பணத்தைத் திரும்பக் கேட்கின்றார். வீட்டுக்காரர் ஒருமுறை வீட்டைச் சுற்றிப் பார்க்கின்றார். கதவு நிலையில் கரையான் ஏறியிருக்கின்றது. அடுப்படி அலமாரியில் கரப்பான் ஓடுகின்றது. “மருந்தடிக்கவும் வெள்ளையடிக்கவும் ஆகும் செலவைப் பிடித்துக்கொண்டுதான் தருவேன்” என்கின்றார். “நாங்கள் குடிவந்தபோதே இவை இருந்தனவே” என்கின்றார் மற்றவர். ஆலங்குடியாயினும் சென்னையாயினும் இவ்வழக்கு ஒன்றே. இருவருள் யார் கூற்று மெய் என்று துணிவதற்குச் சட்டம் நாளடைவில் கண்ட வழிகள் யாவை? அவ்வரலாற்றைச் சிறிது காண்போம்.

பூச்சி பற்றிய வழக்குகளுள் பெயர் பெற்றது இங்கிலாந்தில் எழுந்த ஒன்று. கடற்கரை நகராகிய பிரைட்டனில், தட்டுமுட்டுப் பொருள்களோடு கூடிய வீடொன்றைச் சர் தாமஸ் மாரபிள் என்பார் சில வாரங்களுக்கு வாடகைக்கு எடுத்தார். வாரத்திற்கு 8 கினி வாடகை. குடிபுகுந்த பின்னரே வீடு முழுவதும் மூட்டைப்பூச்சி என்பது தெரிந்தது. அவர் வீட்டை விட்டு வெளியேறினார். உரிமையாளரோ எஞ்சிய வாடகைக்கு வழக்குத் தொடுத்தார். 1843ஆம் ஆண்டில் நீதிமன்றம் குடியிருந்தவர் பக்கமே தீர்ப்பளித்தது. பொருள்களோடு வாடகைக்கு விடப்படும் வீடு மக்கள் வாழத் தக்கதாய் இருத்தல் வேண்டும் என்பது, எழுதப்படாவிடினும், உடன்படிக்கையில் அடங்கியதே என்று நீதிபதி பார்க் கருதினார். ஆயினும் இவ்விதி வெறும் வீட்டிற்குப் பொருந்தாது என்று விரைவிலேயே வேறொரு வழக்கில் வரையறுக்கப்பட்டது. அங்கே, பார்த்து எடுப்பது வாடகைக்கு வருபவர் கடமையாயிற்று.

நம் நாட்டில் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இருவர் கடமைகளையும் வகுத்தது. அதன் 108ஆம் பிரிவு, வேறு உடன்படிக்கையோ ஊர் வழக்கமோ இல்லாதவிடத்து, மூன்று செய்திகளைக் கூறுகின்றது. தாம் அறிந்ததும் குடிவருபவர் எளிதிற் காணவியலாததுமான பெருங்குறையை உரிமையாளர் வெளிப்படுத்தல் வேண்டும். அவர் செய்யக் கடமைப்பட்ட பழுதுபார்ப்பை அறிவித்த பின்னும் செய்யாவிடின், குடியிருப்பவர் அதனைச் செய்து செலவை வாடகையிற் கழிக்கலாம். வெளியேறும்போது, பெற்ற நிலையிலேயே சொத்தைத் திருப்பித் தருதல் வேண்டும். இயல்பான தேய்வு விலக்கு. இவற்றுள் ‘பெற்ற நிலை’ என்ற சொல்லிலேதான் வழக்கின் உயிர் நிற்கின்றது. பெற்ற நிலை இன்னது என்று காட்ட இயலாதவர், தாம் கெடுக்கவில்லை என்று எவ்வாறு காட்டுவார்?

புதுக்கோட்டை தனியரசாய் இருந்த காலத்தில் ஆலங்குடி அதன் வட்டங்களுள் ஒன்று. 1948ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் அவ்வரசு இந்திய ஒன்றியத்தோடு இணைந்து, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1974இல் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. இணைப்பை அடுத்து, பிற மாவட்டங்களில் வழங்கிய சட்டங்கள் இங்கும் வந்தன.

அக்காலத்தில் நகரங்களை வருத்தியது வீட்டுப் பஞ்சம். போர்க்கால நெருக்கடியில், 1941இல், சென்னையில் வாடகைக் கட்டுப்பாடு பிறந்தது. அதன் வழிவந்த 1960ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறலாகாது என்றது. நடைமுறையோ வேறாக இருந்தது. பல மாத வாடகையை முன்பணமாக வாங்கும் வழக்கம் நகரங்களில் வேரூன்றியது. மிகுதியாகப் பெற்ற தொகை குடியிருப்பவருக்கே உரியது; வாடகை நிலுவைக்கு அதனை ஈடுசெய்யலாம் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. முன்பணம் உரிமையாளரிடம் இருப்பினும் அவருடைய பொருள் அன்று. அஃது ஒப்படைக்கப்பட்ட ஈடு என்பதே இதன் கருத்து.

1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2017ஆம் ஆண்டின் புதிய தமிழ்நாட்டுச் சட்டம் வந்தது. அது 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. வேறு உடன்படிக்கை இல்லையாயின், முன்பணம் மூன்று மாத வாடகையை மிஞ்சலாகாது. வீடு காலியான ஒரு மாதத்திற்குள், உரிய கழிவு போக, அதனைத் திருப்பித் தருதல் வேண்டும். எது உரிய கழிவு? இதற்கு விடை காணத் துணையாவது அச்சட்டத்தின் அட்டவணை. கட்டடப் பழுதும் சுவருக்கு வெள்ளையடித்தலும் உரிமையாளர் பொறுப்பு. சாக்கடையைத் துப்புரவு செய்தலும் பூச்சி புகாத வலையை மாற்றுதலும் குடியிருப்பவர் பொறுப்பு.

இப்பாகுபாட்டைக் கொண்டு தொடக்கத்தில் கண்ட வழக்கை ஆராய்வோம். மண்ணிலிருந்து சுவர்வழி ஏறும் கரையானைக் கட்டடத்தின் குறை எனல் பொருந்தும். ஆயினும் கண்டும் சொல்லாதிருந்த குடித்தனக்காரர் குற்றமற்றவர் ஆகார். அடைபட்ட சாக்கடையும் கழுவாத அடுப்படியும் அழைத்து வந்த கரப்பானுக்கு அங்கே வாழ்ந்தவரே பொறுப்பு. நாட்பட மங்கிய வெள்ளைக்குக் காசு பிடித்தல் முறையன்று. ஆணி அறைந்து பெயர்த்த காரைக்குப் பிடித்தல் முறையே.

இங்கிலாந்தில் 2007ஆம் ஆண்டு ஏப்ரல் முதல், பெரும்பாலான வாடகை வீடுகளின் முன்பணத்தை அரசு ஏற்ற காப்புத் திட்டத்திற்கு உட்படுத்துதல் கட்டாயம். பூசல் எழுந்தால் நடுவர் ஒருவர், குடிபுகுந்த நாளின் பட்டியலையும் வெளியேறிய நாளின் நிலையையும் ஒப்பிட்டுப் பார்க்கின்றார். சான்று இல்லாத கழிவு அங்கே நிற்பதில்லை.

மாணவர்களே, படிப்பிற்காகவும் வேலைக்காகவும் நீங்களும் வேற்றூரில் அறை எடுக்கும் காலம் வரும். பெற்றோர் சிறுகச் சேர்த்த பணம் அப்போது முன்பணமாகப் போகும். அதனைக் காப்பது உரத்த குரல் அன்று. சுவர், நிலை, சாக்கடை, அலமாரி ஆகியவற்றின் நிலையைக் குடிபுகும் நாளிலேயே ஒரு தாளில் எழுதி, இருவரும் கையொப்பமிட்டு, ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளுங்கள். நிழற்படமும் எடுத்து வையுங்கள். இடையிற் குறை காணின் எழுத்தில் தெரிவியுங்கள். அத்தாள் உங்களுக்கு மட்டும் காவலன்று. வீட்டை ஒழுங்காக வைத்திருந்த உரிமையாளருக்கும் அதுவே காவல்.