காற்று ஏற்றிய விளக்கு

விளக்கை அணைப்பது காற்றின் இயல்பு என்றே மக்கள் நெடுங்காலமாகக் கண்டுவந்தனர். அக்காற்றைக் கொண்டே விளக்கேற்றலாம் என்னும் எண்ணம் 1887ஆம் ஆண்டிலே செயலுருப் பெற்றது. கிளாஸ்கோ நகரிற் பேராசிரியராயிருந்த ஜேம்ஸ் பிளைத் என்பவர், ஸ்கொத்லாந்தின் மேரிகேர்க் என்னும் ஊரிலே தமக்கிருந்த விடுமுறைக்கால இல்லத்தின் தோட்டத்தில், துணிப்பாய் கட்டிய காற்றாடி ஒன்றை நிறுவினார். அதிற் பிறந்த மின்சாரத்தைச் சேமிப்புக் கலங்களிற் சேர்த்து வைத்து வீட்டுக்கு ஒளியூட்டினார். எஞ்சியதை ஊரின் பெருந்தெருவுக்கு விளக்கிடத் தருவதாக அவர் சொன்னபோது, அது பேயின் வேலை என்று ஊரார் மறுத்துவிட்டனராம்! அதையடுத்து அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில் சாள்ஸ் பிரஷ் என்பார், 17 மீற்றர் குறுக்களவும் 144 மர இறகுகளும் கொண்ட பெருங்காற்றாலை ஒன்றைத் தம் மாளிகையின் பின்புறத்தே எழுப்பினார். டென்மார்க்கிலே போல் லா கூர் என்னும் ஆசிரியர் 1891 முதலாக ஆஸ்கொவ் கிராமத்துப் பள்ளியில் ஆராய்ச்சி நடத்தி, கிராமங்களுக்குப் பொதுவான காற்று மின்நிலையங்கள் தோன்ற வழி வகுத்தார்.

ஆயினும், தனித்து வாழும் ஓர் உழவர் குடும்பம் தன் முற்றத்திலே தனக்கென ஒரு காற்று யந்திரத்தை நிறுத்திக்கொள்வது பெருவழக்கானது 1920ஆம், 1930ஆம் ஆண்டுகளையடுத்த காலத்தில், அமெரிக்காவின் நடுவே பரந்து கிடக்கும் புல்வெளி நாட்டிலேயாகும்.

அந்நாட்டின் இயல்பை அறிந்தாலன்றி இக்கதை விளங்காது. மலையும் காடும் மறிக்காத சமவெளி. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்குமிடையே மைல் கணக்கில் வெறுவெளி. அதன்மேல் ஓயாது வீசும் காற்று. நிலத்தடி நீரை இறைக்கும் இரும்புக் காற்றாடிகள் அங்கு முன்னரே ஆயிரக்கணக்கில் நின்றன. ஆனால் இரவானதும் மண்ணெண்ணெய் விளக்குத்தான். 1930களின் நடுப்பகுதியில் நகரத்தார் வீடுகளுள் மிகப் பெரும்பாலானவற்றில் மின்குமிழ் எரிந்தது; பண்ணை வீடுகளிலோ பத்தில் ஒன்றுக்கு மட்டுமே மின்சாரம் கிட்டியிருந்தது. ஒரு வீட்டுக்காகப் பல மைல் கம்பி இழுத்தால் போட்ட முதல் திரும்பாது என்று மின்சாரக் கம்பனிகள் கைவிரித்தன.

இந்த இருளினூடே முதலிற் புகுந்தது விளக்கன்று, வானொலி. வானிலை அறிக்கையும் தானிய விலையும் பாட்டும் பேச்சும் வீட்டுக்குள்ளேயே வந்து சேர்வது தனித்திருந்த குடும்பங்களுக்கு எத்துணை ஆறுதல் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. ஆனால் அன்றைய வானொலிப் பெட்டி பற்றறியால் இயங்குவது. பற்றறி இறங்கியதும் அதனைத் தூக்கிக்கொண்டு நகருக்குப் போய் மின்னேற்றி வரவேண்டும். இந்தத் தொல்லையைத் தீர்க்க அயோவா மாநிலத்து அல்பேர்ஸ் சகோதரர்கள் சிறியதொரு காற்றாடியை அமைத்தனர். 'வின்சாஜர்' என்பது அதன் பெயர். 1935இல் செனித் என்னும் வானொலிக் கம்பனி இதனோடு உடன்பாடு செய்துகொண்டு, தன் பெட்டியை வாங்குவோருக்குப் பத்து டொலரளவிலே இக்காற்றாடியையும் விற்றது. கூரையின்மேல் நின்று சுழன்ற இந்தச் சிறு கருவி, வானொலிக்கும் ஓரிரு குமிழுக்கும் போதும். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்த்தல் தகாது.

வீடு முழுவதற்கும் மின்சாரம் தரவல்ல யந்திரத்தைச் செய்தவர்கள் வேறு. மொன்டானா மாநிலத்தின் கிழக்கே, பெற்றோர் நடத்திய மாட்டுப் பண்ணையில் வளர்ந்த மார்செலஸ் ஜேக்கப்ஸ், ஜோ ஜேக்கப்ஸ் என்னும் சகோதரர்களே அவர்கள். பெற்றோலால் இயங்கும் சிறு மின்னாக்கி அவர்களிடம் இருந்தது. பெற்றோலைப் பல மைல் தொலைவிலிருந்து சுமந்து வருவது அவர்களுக்குச் சலித்துப்போயிற்று. முதலில், நீரிறைக்கும் காற்றாடிச் சக்கரத்தைப் பழைய ஃபோட் மோட்டார் வண்டியின் பின்னச்சோடு பொருத்திப் பார்த்தனர். அது மெதுவாகச் சுழல்வது. தைனமோவுக்கு வேண்டிய வேகம் கிட்டவில்லை. பின்னர் ஆகாய விமானத்தின் முன்விசிறியை வைத்துப் பார்த்தனர். வேகம் வந்தது, கூடவே ஒரு நடுக்கமும் வந்தது.

அந்நடுக்கத்தின் காரணத்தைக் கண்டுபிடித்ததே அவர்களின் பெருஞ் சாதனை எனலாம். விமான விசிறிக்கு இறகுகள் இரண்டு. அவை மேலுங் கீழுமாக நிற்குங் கணத்திலே, காற்றின் திசை மாறினால் யந்திரம் இலகுவாகத் திரும்பிவிடும். அவை இடமும் வலமுமாக நீண்டு நிற்குங் கணத்திலோ திரும்ப மறுக்கும். ஆகவே வால் அதனைத் திருப்பும்போதெல்லாம் ஒரு சுற்றுக்கு இருமுறை வெட்டி வெட்டி இழுக்கும். நாளடைவில் அச்சும் கோபுரமும் தளர்ந்துபோகும். இறகுகளை மூன்றாக்கியதும் அந்தச் சமனின்மை நீங்கியது. இன்று கடலோரங்களில் நிற்கும் பெருங்காற்றாலைகளும் பெரும்பாலும் மூன்று இறகுடையனவே.

இன்னொரு சிக்கலும் உண்டு. காற்றின் வேகம் இரு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எண்மடங்காகும். ஆகவே புயற்காற்றில், கட்டுப்பாடற்ற யந்திரம் தன்னைத் தானே சிதறடித்துக்கொள்ளும். சுழற்சி மிகும்போது இறகுகள் தாமாகவே கோணத்தைத் திருப்பிக் காற்றை வழுக்கவிடும் ஓர் ஏற்பாட்டை ஜேக்கப்ஸ் சகோதரர் அமைத்தனர். ஸ்புரூஸ் மரத்தால் இறகு செதுக்கினர். பின்னர் மினியாப்பொலிஸ் நகரிலே தொழிற்சாலை நிறுவி, இரண்டரை முதல் மூன்று கிலோவாற்று அளவு மின்சாரந் தரும் யந்திரங்களை ஆயிரக்கணக்கில் விற்றனர். அட்மிரல் பேர்ட் 1933இல் தென்துருவப் பனிநிலத்துக்குச் சென்றபோது கொண்டுசென்று நிறுத்திய ஜேக்கப்ஸ் யந்திரத்தின் இறகுகள், 1955இலும் அங்கே காற்றிற் சுழன்றுகொண்டிருந்தன.

யந்திரத்தின் விலையோடு செலவு முடிந்துவிடவில்லை. நிலவறையிலே கண்ணாடிச் சாடிகளில் அமிலமும் ஈயத்தகடுமாக வரிசையாய் நின்ற பற்றறிகளுக்கும் விலையுண்டு. அவை சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும். மின்னழுத்தம் 32 உவோற்று. ஆதலின் இஸ்திரிப்பெட்டி முதற்கொண்டு குளிரூட்டும் பெட்டி வரை யாவும் அதற்கெனச் செய்தவையாயிருத்தல் வேண்டும். காற்று நன்கு வீசும் நாள் பார்த்துச் சலவை யந்திரத்தை ஓட்டுவதும், காற்று அடங்கிய நாட்களில் விளக்கைக் குறைப்பதும் வீட்டுப் பெண்கள் கற்றுக்கொண்ட சிக்கனம். எனினும், கைகடுக்கத் துணி வெளுத்து, விளக்குக் கண்ணாடியின் கரியைத் துடைத்து வந்த அவர்களுக்கு அது பெரும் பாரமாய்த் தோன்றியிராது.

1935இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கிராம மின்சார நிர்வாகத்தை ஏற்படுத்தினார். அடுத்த ஆண்டிலே அதற்கான சட்டமும் நிறைவேறியது. உழவர் கூட்டுறவுச் சங்கங்கள் குறைந்த வட்டிக்கு அரசாங்கக் கடன் பெற்றுத் தாமே கம்பி இழுத்தன. கம்பி வந்த இடத்தில் காற்றாடி நின்றது. பால் கறக்கும் யந்திரமும், தானியம் அரைக்கும் மோட்டாரும் இரவு பகலாக ஓடுவதற்கு வேண்டிய மின்சாரத்தைச் சிறு காற்றாடியும் பற்றறியும் தரமாட்டா. ஆகவே கம்பியை வரவேற்ற உழவனைக் குறைகூறுதல் முறையன்று. வருந்தத்தக்கது ஒன்றே: இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாகலாம் என்பதை அன்று பெரும்பாலோர் எண்ணிப் பார்க்கவில்லை. 1950களின் பிற்பகுதியில் ஜேக்கப்ஸ் தொழிற்சாலை யந்திரம் செய்வதை நிறுத்தியது. கோபுரங்கள் மேய்ச்சல் நிலங்களிலே துருவேறி நின்றன.

1973இல் எண்ணெய் விலை திடீரென ஏறியபோது, இளைஞர் சிலர் அப்பழைய கோபுரங்களைத் தேடிச் சென்று யந்திரங்களை இறக்கிப் பழுது பார்த்தனர். 1976இல் நியூயோர்க் நகரின் பதினோராந் தெருவிலே, வறியோர் கூடிப் புதுக்கிய மாடிக் கட்டடமொன்றின் கூரையில் இரண்டு கிலோவாற்றுக் காற்று யந்திரம் ஒன்று ஏறியது. இம்முறை அது பற்றறியை நாடவில்லை. தெருவிற் சென்ற கம்பியுடனேயே இணைந்தது. நகர மின்சாரக் கம்பனி எதிர்த்து நின்றது. வாதாடி வென்றவர்கள் குடியிருப்பாளரே. அதற்கு இரண்டாண்டின் பின், 1978இல், சிறு உற்பத்தியாளரிடமிருந்து மின்சாரத்தைக் கம்பனிகள் வாங்கியே ஆகவேண்டும் என்று அமெரிக்க நாட்டிற் சட்டம் வந்தது. முற்றத்துக் காற்றாடி, மிகுந்த காற்றிலே கம்பிக்குக் கொடுக்கவும், காற்றில்லாப் பொழுதிற் கம்பியிலிருந்து வாங்கவும் தொடங்கியது.